கணக்காய்வுத் தொழிலின் தொடக்கநிலை: உழைப்பும் சாட்சியமும்

உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவிற் சித்தியெய்தும் தமிழ் மாணவர் பலருக்குப் பட்டயக் கணக்காளராதல் ஒரு பெருங்கனவாக இருந்து வருகின்றது. பல்கலைக்கழக அனுமதி கிடையாதவர் மட்டுமன்றி, கிடைத்தவருட் பலரும் பட்டப்படிப்புடன் இதனையும் சேர்த்தே மேற்கொள்கின்றனர். இத்தொழிலிற் புகுவோருக்கென எழுதப்படுவன பெரும்பாலும் வழிகாட்டிக் குறிப்புகளாகவே அமைகின்றன. எப்பரீட்சைக்கு முதலில் தோற்றுவது, எத்துணைக் காலம் பயிற்சி பெறுவது, எவ்வாறு நேர்முகப் பரீட்சையை எதிர்கொள்வது என்பன அவற்றின் பொருளாகும். அவை பயனற்றவை அல்ல. ஆயின், தொழிலொன்றினுள் நுழைபவர் எந்தச் சமூக உறவினுள் நுழைகின்றார் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எழுப்ப முயல்கிறது. கணக்காய்வுத் தொழிலின் வாயிலில் நிற்கும் இளைஞர் ஒரே வேளையில் இரு உறவுகளுக்கு உட்படுகின்றார். தம்மைப் பணிக்கமர்த்திய நிறுவனத்துக்கு அவர் உழைப்பை விற்பவர். சமூகத்துக்கோ அவர் சாட்சி. முதலாவது உறவு அவரிடம் வேகத்தையும் பணிவையும் வேண்டுகிறது. இரண்டாவது, பொறுமையையும் ஐயுறும் உரிமையையும் வேண்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாட்டைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் கொள்ளாது, வரலாற்றில் விளைந்ததொன்றாக விளங்கிக்கொள்வதே தொடக்கநிலையினர் பெறவேண்டிய முதற்கல்வி என்பது எமது கருத்தாகும்.

1. கணக்கும் கணக்குக் கேட்கும் உரிமையும்

தமிழிற் கணக்கு என்னும் சொல் எண்ணை மட்டுமன்றி எழுத்தையும் நூலையும் குறித்து வந்துள்ளது. பதினெண்கீழ்க்கணக்கு எனும் தொகைப்பெயரும், ஆசிரியரைக் குறிக்கும் கணக்காயர் எனும் சொல்லும் இதற்குச் சான்றாகும். எழுதப்பட்டதை மற்றொருவர் வாசித்துச் சரிபார்க்கலாம் என்ற நிலையிலேயே கணக்குச் சமூகப் பொருளாகிறது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இவ்விடத்து நினைவுகூரத்தக்கவை. வாரியங்களிற் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர் அவ்வாரியங்களுக்குத் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என அவை விதித்தன. இதனைப் பழந்தமிழர் சனநாயகத்தின் பொற்காலச் சான்றாகக் கொண்டாடுவோர் உளர். ஆனால் அச்சபை நிலவுடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாகக் கொண்ட பிராமணர் சபையாகும். அந்நிலத்தில் உழைத்தவர் அக்கணக்கைக் கேட்கும் இடத்தில் இருந்திலர். கணக்குக் கேட்கும் உரிமை உடைமையைப் பின்பற்றியே வந்தது என்பதை இவ்வுதாரணம் தெளிவாகக் காட்டுகின்றது.

எமது மலையகத் தோட்டங்களில் இவ்வுறவு மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. தோட்டக் கணக்கப்பிள்ளை செக்றோலிற் பெயர் பதிந்தார். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழுந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ எனும் முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அவரை ஒரு கங்காணியிடமிருந்து மற்றொருவரிடம் மாற்றும் கருவியாகவும் பயன்பட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு இக்கணக்குகளைச் சரிபார்க்க வழியிருக்கவில்லை. அதேவேளை, அத்தோட்டங்களிற் பலவற்றை உடைமையாகக் கொண்டிருந்த ஸ்ரேலிங் கம்பனிகளின் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தவாறே ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்ட கணக்கைப் பெற்றனர். ஒரே தோட்டத்தின் கணக்கு ஒருவருக்குத் திறந்த ஏடாகவும் மற்றவருக்கு மூடிய ஏடாகவும் இருந்தது.

2. தொழில் உருவான வரலாறு

இன்றைய கணக்காய்வுத் தொழில் கூட்டுப்பங்குக் கம்பனியின் குழந்தையாகும். உடைமையாளரே தம் கடையை நடத்தும்போது அவருக்கு வெளியாள் ஒருவரின் சான்று வேண்டியதில்லை. மூலதனம் பலரிடமிருந்து திரட்டப்பட்டு, அதனைச் சிலர் நிருவகிக்கும் நிலை தோன்றியபோது, காணாத பணத்தைப் பற்றிக் கண்டவர் ஒருவர் சான்றளிக்க வேண்டியதாயிற்று. எடின்பரோவிலே கணக்காளர் சங்கம் 1854இல் அரச பட்டயம் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1880இல் அத்தகுதியைப் பெற்றது. ‘பட்டயம்’ என்ற அடைமொழியின் தோற்றம் இதுவேயாகும்.

இத்தொழில் வளர்ந்தது வீழ்ச்சிகளின் வழியாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி, பொய்யான ஐந்தொகைகளின் மறைவில் நொடிந்து, வரையறையற்ற பொறுப்புடைய தன் பங்குதாரர்களையும் நொடிக்கச் செய்தது. அடுத்த ஆண்டிலேயே வரையறுத்த பொறுப்புடைய வங்கிகளுக்குக் கணக்காய்வு சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியக் கம்பனிகள் யாவற்றுக்கும் அதனைப் பொதுவாக்கிற்று.

இலங்கையில் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் பட்டயக் கணக்காளர் நிறுவகம் நிறுவப்பட்டது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களுக்குச் சட்ட வலு அளித்தது. தேசிய நிறுவகம் தோன்றியபோதும் தொழிலின் அமைப்பும் பழக்கவழக்கங்களும் பெரிதும் பிரித்தானிய மாதிரியிலேயே தொடர்ந்தன. பயிலுநர் முறை அவற்றுள் முக்கியமானது.

3. பயிலுநரின் பொருளாதாரம்

முற்கால இங்கிலாந்தில் கணக்காளரிடம் பயில விரும்பிய இளைஞர் ஊதியம் பெறுவதற்குப் பதிலாகத் தாமே பெருந்தொகையொன்றைத் தம் முதல்வருக்குச் செலுத்தும் வழக்கம் இருந்தது. ஐந்தாண்டுக் காலம் பயிலவேண்டும். பட்டதாரிகளுக்கு இது குறைக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடு வறியவரைச் சட்டத்தால் விலக்கவில்லை. விலக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெண்களோ வெளிப்படையாகவே விலக்கப்பட்டனர். மேரி ஹரிஸ் ஸ்மித் என்பவர் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, 1919ஆம் ஆண்டின் பால்வழித் தகுதியீன நீக்கச் சட்டத்தின் பின் 1920இலேயே இங்கிலாந்து நிறுவகத்தின் முதற் பெண் உறுப்பினரானார்.

இன்று பயிலுநர் பணம் செலுத்துவதில்லை. ஒரு கொடுப்பனவைப் பெறுகின்றார். இலங்கையில் மூன்றாண்டு மேற்பார்வையுடனான செய்முறைப் பயிற்சி, அதனோடு இணைந்த படிமுறைப் பரீட்சைகள் என்பதே பொதுவழி. பகலிற் கட்சிக்காரர் அலுவலகம், மாலையில் வகுப்பு, இரவிற் படிப்பு என்றவாறு இக்காலம் கழிகின்றது. நிதியாண்டு முடிவடையும் டிசம்பர் 31, மார்ச் 31 ஆகிய நாள்களை அடுத்த மாதங்களில் மாலையும் இரவும் அலுவலகத்துக்கே உரியனவாகின்றன.

இங்கு நிகழும் பரிமாற்றத்தை ஆராய்தல் வேண்டும். கணக்காய்வு நிறுவனம் தன் கட்டணத்தை ஈடுபடுத்தும் ஆட்களின் தரத்தையும் மணித்தியாலங்களையும் கொண்டு மதிப்பிடுகிறது. பங்காளர், முகாமையாளர், மூத்த கணக்காய்வாளர், பயிலுநர் என்ற ஏணியில் மிகுதியான மணித்தியாலங்களைத் தருபவர் கீழ்ப்படியில் நிற்பவரே. அவருடைய மணித்தியாலத்துக்குக் கட்சிக்காரரிடம் பெறப்படுவதற்கும் அவருக்குக் கொடுக்கப்படுவதற்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து மேற்பார்வைச் செலவும் அலுவலகச் செலவும் கழிய, எஞ்சுவது பங்காளரின் வருமானத்தில் ஒரு கூறாகிறது. இது உபரி உழைப்பின் எளிய வடிவமே. ஆயின் பயிலுநர் இதனைச் சுரண்டலாக உணர்வதில்லை. நாளை தாமும் உறுப்பினராவோம், பங்காளருமாகலாம் என்ற எதிர்பார்ப்பு அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதியாக வழங்கப்படுகிறது. அது எதிர்காலத்தின்மீது எழுதப்பட்ட மாற்றுண்டியல் போன்றது. சிலருக்கு மதிக்கப்படும், பலருக்கு மறுக்கப்படும்.

தமிழ்மொழி மூலம் பயின்றவர் மேலும் ஒரு சுமையைத் தாங்குகின்றார். பாடசாலையில் பேரேடு, பரீட்சைமீதி, பெறுமானத் தேய்வு, ஐயக்கடன் என்று கற்ற அதே பொருள் அலுவலகத்தில் ஆங்கிலப் பெயர்களுடன் எதிர்ப்படுகிறது. இரட்டைப் பதிவை நன்கறிந்த மாணவர் அறியாதவராகத் தோன்றும் நிலை இதனால் உண்டாகிறது. கொழும்பின் ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவருக்கு இயல்பாக வாய்ப்பது யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வருபவருக்கு ஓராண்டு உழைப்பாகிறது. இதனைத் தனிப்பட்ட குறைபாடாகக் கருதி நாணுதல் தவறாகும். இது மொழிவழி நின்ற வர்க்க வேறுபாடு. ஆங்கில ஆற்றலை அவர் பெற்றேயாக வேண்டும். ஆனால் தாய்மொழியில் தெளிவாக விளங்கிக்கொண்ட கருத்துத் தம்மிடம் உண்டு என்பதையும் அவர் மறத்தலாகாது.

4. தொடக்கநிலைப் பணியின் பொருள்

பயிலுநருக்கு முதலில் ஒப்படைக்கப்படும் பணிகள் அற்பமானவையாகத் தோன்றும். உறுதிச்சீட்டுகளை ஏட்டுப் பதிவுகளோடு ஒப்பிடல், கூட்டுத்தொகை சரிபார்த்தல், வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைப் பரிசோதித்தல், ஆண்டிறுதி நாளிற் களஞ்சியத்துக்குச் சென்று சரக்கிருப்பு எண்ணப்படுவதைப் பார்வையிடல், கடன்பட்டோருக்கும் வங்கிகளுக்கும் மீதியை உறுதிப்படுத்துமாறு கடிதம் அனுப்பல் என்பன அவை. பரிசோதனை ஒவ்வொன்றும் செயல்தாளிற் பதியப்பட்டு, அருகே குறியொன்று இடப்படுகிறது. இப்பணிகளிற் பல, பிறரின் பெருந்துயரத்தின் பின்னரே விதிகளாயின என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

சரக்கிருப்பை எடுத்துக்கொள்வோம். 1896இல் இங்கிலாந்தின் கிங்ஸ்ரன் பருத்தி ஆலை வழக்கில், முகாமையாளர் சரக்கின் பெறுமதியை மிகைப்படுத்திக் காட்டியிருந்தார். கணக்காய்வாளர் அவருடைய சான்றையே நம்பியிருந்தனர். அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர் என நீதிமன்றம் தீர்த்தது. நீதிபதி லோப்ஸ் கணக்காய்வாளரைக் காவல்நாய்க்கு ஒப்பிட்டு, அவர் மோப்பநாயாக இருக்கவேண்டியதில்லை என்றார். இவ்வொப்புமை இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஆயின், வரலாறு அத்தோடு நின்றுவிடவில்லை. 1938இல் அமெரிக்காவின் மக்கெசன்–ரொபின்ஸ் என்னும் மருந்துக் கம்பனியின் 87 மில்லியன் டொலர்ச் சொத்துகளில் ஏறத்தாழ 19 மில்லியன் டொலர் கற்பனையே என்பது வெளியாயிற்று. இல்லாத சரக்கும் இல்லாத கடன்பட்டோரும் ஏடுகளிற் செம்மையாகப் பதியப்பட்டிருந்தனர். ஏடு ஏட்டோடு பொருந்தியது, உலகோடு பொருந்தவில்லை. களஞ்சியத்துக்கு நேரிற் சென்று பார்ப்பதும் கடன்பட்டோரிடம் நேரடியாக உறுதிப்பாடு பெறுவதும் 1939 முதல் அந்நாட்டில் ஒழுங்கான நடைமுறையாயின. எனவே, டிசம்பர் 31ஆந் திகதி மாலையில் மூடைகளுக்கிடையே நின்று எண்ணிக்கையைக் கவனிக்கும் பயிலுநர் ஏட்டுக்கும் உலகுக்கும் இடையிலான ஒரே இணைப்பாக நிற்கின்றார். சில மூடைகளைத் தாமே தெரிந்து எண்ணிப்பார்ப்பதும், பெட்டியினுள் பொருள் உண்டா எனத் திறந்து பார்ப்பதும் அவருடைய உரிமைகள்.

வங்கி உறுதிப்பாட்டின் வரலாறு அண்மைக்காலத்தது. 2009 ஜனவரியில் இந்தியாவின் சத்தியம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், தம் கணக்கிற் காட்டப்பட்ட காசிலும் வங்கி மீதிகளிலும் 5,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்டது இல்லாத பணம் என ஒப்புக்கொண்டார். அந்நிறுவனத்தின் கணக்காய்வாளர் வங்கி உறுதிப்பாட்டுக் கடிதங்களை அனுப்பிப் பெறும் பணியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தவறினர் என்பதே 2011இல் அமெரிக்க ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் கண்ட முக்கிய குற்றமாகும். கடிதத்தைக் கணக்காய்வாளர் தாமே அனுப்பவேண்டும். பதிலும் வங்கியிலிருந்து நேரே அவரிடம் வரவேண்டும். “எங்களிடம் தாருங்கள், நாங்களே வங்கிக்குக் கொடுத்து வாங்கித் தருகின்றோம்” என்று கட்சிக்காரரின் எழுதுவினைஞர் அன்போடு கூறும்போது, அதனை மறுக்கவேண்டியவர் பெரும்பாலும் அலுவலகத்தில் மிகக் கீழ்ப்படியில் உள்ள பயிலுநரே.

உழைப்பும் சாட்சியமும் மோதும் இடம் இதுவேயாகும். ஒவ்வொரு பணிக்கும் மணித்தியால வரையறை உண்டு. வரையறையை மீறினால் அவருடைய திறமை ஐயுறப்படும். ஆகவே செய்யாத பரிசோதனைக்குச் செய்ததாகக் குறியிடும் தூண்டுதல் எழுகிறது. கணக்காய்வு பற்றிய ஆய்வுகள் இப்பழக்கத்தையும் காலநெருக்கடியோடு அதற்குள்ள தொடர்பையும் பல நாடுகளில் அவதானித்துள்ளன. பயிலுநரின் சிறு குறியை மூத்தவர் நம்புகிறார். மூத்தவரை முகாமையாளர் நம்புகிறார். பங்காளர் இறுதியிற் கையொப்பமிடுகிறார். அச்சிட்ட அறிக்கையை வாசிக்கும் பங்குதாரரும் வைப்பாளரும் வங்கியும் அக்கையொப்பத்தை நம்புகின்றனர். இவ்வாறு நம்பிக்கை கீழிருந்து மேலேறுகிறது. கட்டணமோ மேலிருந்து கீழிறங்கும்போது மெலிகிறது. மலிவான, களைத்த உழைப்பின்மீது சமூக நம்பிக்கையைக் கட்டும் ஓர் ஏற்பாட்டில் பயிலுநரின் ஒழுக்கத்தை மட்டும் வினவுவது நியாயமாகாது.

5. சுதந்திரம் என்னும் பிரச்சினை

கணக்காய்வாளர் சுதந்திரமானவராக இருத்தல் வேண்டும் என எல்லா ஒழுக்கக் கோவைகளும் கூறும். சட்டப்படி அவரை நியமிப்போர் பங்குதாரர். நடைமுறையிலோ அவரைத் தெரிந்து, கட்டணம் பேசி, மறுவாண்டுக்கும் சிபாரிசு செய்வோர், எவருடைய நிருவாகத்தை அவர் பரிசோதிக்கின்றாரோ அப்பணிப்பாளர்களே. சாட்சிக்குப் படி அளப்பவர் வழக்காளியாக இருக்கும் இந்நிலை தனிப்பட்ட பணிப்பாளரின் தீயகுணத்தால் உண்டானதன்று. தொழிலின் அடிப்படை அமைப்பிலேயே உள்ளது.

என்ரொன் கம்பனி இதன் உச்சநிலை உதாரணம். 2000ஆம் ஆண்டில் ஆதர் அன்டர்சன் நிறுவனம் அக்கம்பனியிடமிருந்து கணக்காய்வுக்கென 25 மில்லியன் டொலரையும், ஆலோசனை முதலிய ஏனைய சேவைகளுக்கென 27 மில்லியன் டொலரையும் பெற்றது. 2001 டிசம்பரில் என்ரொன் வங்குரோத்தடைந்தது. ஹூஸ்ரன் அலுவலகத்தில் ஆவணங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டமைக்காக 2002இல் அன்டர்சன் குற்றவாளியாகக் காணப்பட்டது. 2005இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியபோது, நீக்கத்தாற் பயன்பெற நிறுவனம் எஞ்சியிருக்கவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பேர் பணியாற்றிய அந்நிறுவனத்தில் என்ரொனின் ஏடுகளை ஒருபோதும் காணாத பெரும்பான்மையினர் அதே பெயரின் வீழ்ச்சியைச் சுமந்தனர். மேலிடத்தின் முடிவுக்குக் கீழ்ப்படியினர் விலை கொடுப்பது இத்தொழிலுக்கும் விலக்கன்று.

இங்கு மற்றொரு வரையறையையும் சுட்டுதல் வேண்டும். கணக்கு முற்றாக உண்மையாயிருப்பினும் அது சொல்லாதவை உள. தோட்டக் கம்பனியொன்றின் கூலிச் செலவை ஆய்பவர், செக்றோலின் கூட்டுத்தொகை பேரேட்டோடு பொருந்துகிறதா, சேமலாப நிதிப் பங்களிப்பு உரியவாறு செலுத்தப்பட்டுள்ளதா எனப் பார்ப்பார். அரைப்பேரைத் தீர்மானிக்கும் கொழுந்தளவு நியாயமானதா என்பது அவருடைய வினாவாகாது. ஐந்தொகையில் உழைப்பு செலவாகவே தோன்றும். பெறுமதியின் ஊற்றாகத் தோன்றாது. இதனை அறிந்த கணக்காய்வாளர் தம் சான்றின் எல்லையை அறிந்தவர். எனினும் அந்த எல்லைக்குள் அவர் செய்யக்கூடியது சிறிதன்று. சேமலாப நிதி செலுத்தப்படாமையைக் கண்டு எழுதும் ஒரு வரி, தொழிலாளர் பலரின் முதுமையைக் காக்கக்கூடும்.

6. பொதுக் கணக்காய்வும் எதிர்காலமும்

தனியார் நிறுவனமே கணக்காய்வுத் தொழிலின் ஒரே வாயில் என்ற எண்ணம் தவறானது. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பதவிக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தனியிடம் அளிக்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசியக் கணக்காய்வுச் சட்டம் தேசியக் கணக்காய்வு அலுவலகத்தை நிறுவியது. அதன் அறிக்கைகள் பாராளுமன்றத்துக்குச் செல்கின்றன. 1921 முதல் இயங்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும், 1979இல் தோன்றிய அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் அவற்றை ஆராய்கின்றன. இங்கு கணக்குக் கேட்பவர், கோட்பாட்டளவிலேனும், மக்கள். கொடுக்கப்பட்ட பணம் விதிப்படி செலவாயிற்றா என்பதோடு, அச்செலவால் உரிய பயன் விளைந்ததா என்ற வினாவும் இங்கு எழுகிறது. பாடசாலைக் கட்டடமும் வைத்தியசாலை மருந்தும் நீர்ப்பாசனக் குளமும் பரிசோதனைப் பொருளாகின்றன. அரசாங்கக் கணக்காய்வும் அதிகாரத்தின் அழுத்தத்துக்கு அப்பாற்பட்டதன்று. அறிக்கை வந்த பின்னும் நடவடிக்கை வராதிருப்பது நாமறிந்ததே. ஆயினும் சமூக உணர்வுடைய இளைஞர் இவ்வாயிலையும் சீர்தூக்கிப் பார்த்தல் தகும்.

முற்போக்காளரிடையே கணக்காய்வை முதலாளித்துவத்தின் எடுபிடித் தொழிலெனத் தள்ளிவிடும் போக்கும் உண்டு. இது மார்க்ஸை மேலோட்டமாக வாசித்ததன் விளைவாகும். ஏங்கெல்ஸ் 1885இல் வெளியிட்ட ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில், கணக்குவைப்பு பெறுமதியைப் படைக்காத சுற்றோட்டச் செலவு என்பதை மார்க்ஸ் நிறுவுகின்றார். ஆனால் அத்தோடு அவர் நிற்கவில்லை. உற்பத்தி எவ்வளவுக்குச் சமூகத்தன்மை பெறுகின்றதோ அவ்வளவுக்குக் கணக்கின் தேவை மிகும் என்றும், சிதறிய கைத்தொழில், குடியானவர் உற்பத்தியைக் காட்டிலும் முதலாளித்துவத்திலும், முதலாளித்துவத்தைக் காட்டிலும் கூட்டு உற்பத்தியிலும் அது இன்றியமையாதது என்றும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். பொதுவுடைமைச் சமூகத்துக்குக் கணக்கு வேண்டாம் என்பதன்று. அங்கே கணக்கு எல்லோருக்கும் உரியதாகும் என்பதே பொருள். எமது கூட்டுறவுச் சங்கங்கள் சில நிதிமோசடியால் நலிந்தபோது இழந்தவர் உறுப்பினராகிய சாதாரண மக்களே என்பதையும் இவ்விடத்து எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆகவே இத்தொழிலிற் புகும் இளைஞருக்கு நாம் கூறக்கூடியன சில உள. தாம் காணாததற்குக் குறியிடாதிருத்தல். கண்டதைச் செயல்தாளில் நாளும் நேரமும் இட்டு எழுதுதல். ஐயத்தை மேலதிகாரியிடம் எழுத்தில் முன்வைத்தல். காலவரையறை போதாதெனில் அதனை மறைக்காது சொல்லுதல். இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. பயிலுநரின் கொடுப்பனவு, வேலைநேரம், பரீட்சை விடுமுறை, பயிற்சி மொழி ஆகியவை பற்றிய கோரிக்கைகளைத் தனித்து நின்று வெல்லுதல் அரிது. அவற்றுக்குப் பயிலுநரின் கூட்டுக் குரல் வேண்டும். உயர்தொழிலுக்குத் தொழிற்சங்கம் தகாது என்ற மயக்கம் நீங்குதல் அவசியம். சாட்சி சொல்பவர் தம் வயிற்றுக்கு அஞ்சாதிருக்கும் நிலைமை ஏற்படும் அளவுக்கே சாட்சியமும் நம்பத்தக்கதாகும்.